உஷார்! பூட்டிக் கிடக்கும் லேபுக்குள்ளே அமோனியா

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்தாயிற்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கெமிஸ்ட்ரி லேபுக்குப் பூட்டு விழுந்து, சாவி ஆபீஸ் ஆணியில் தொங்குகிறது. இனி ஜூன் வரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. திருமுல்லைவாயில், அண்ணனூர், அம்பத்தூர் வட்டாரத்துத் தாளாளர்களே, தலைமையாசிரியர்களே, அந்தச் சாவியை இந்த வாரமே எடுங்கள். உள்ளே லிக்கர் அமோனியா இருக்கிறது.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்கலாம். லேபுக்கு வாங்கும் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் அமோனியா வாயு தண்ணீரில் கரைந்த 25 சதவீதக் கரைசல். அது ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது அடிக்கடி நடப்பதுதான். 2003 மே கடைசியில் 45 வரை போனது. ஜன்னல் சாத்திய, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஸ்டோர் ரூமுக்குள் இன்னும் புழுங்கும். கரைந்து கிடந்த வாயு பிரிந்து வந்து மூடிக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் அட்டெண்டர் பாட்டிலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மூடியைத் திருகுவார். அத்தனையும் அவர் முகத்தில் பீறிடும்.

ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. அமோனியாவை "நெடிதானே, ஜன்னலைத் திற" என்று விட்டுவிடுகிறோம். கண்ணைப் பொறுத்தவரை இது ஆசிட்டைவிட மோசம். ஆசிட் பட்ட இடத்தில் திசு உறைந்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். அமோனியா போன்ற காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். நீர்த்த கரைசல் எரிச்சலோடு நிற்கலாம். அடர் கரைசல் பார்வையையே பறித்துவிடும்.

மூக்கை நம்பாதீர்கள். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 25 பி.பி.எம்., அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு. அதைவிடக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு நெடி தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தால் மூக்கு பழகிப்போகும். "இப்போ நெடி குறைஞ்சிடுச்சு சார்" என்று லேப் அசிஸ்டென்ட் சொன்னால், குறைந்தது நெடியா அவர் மூக்கா என்று வெளியிலிருந்து வருபவர்தான் பார்க்க வேண்டும். 300 பி.பி.எம். என்பது உயிருக்கே ஆபத்தான அளவு.

எண்ணூரை அதற்குள் மறந்துவிட்டோமா? 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் அமோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மறு வருஷம் 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி தாக்கி முப்பதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் உடல்நலம் பாதிக்கப்பட்டார்கள். பள்ளி மீண்டும் திறந்த நவம்பர் 4 அன்றும் அதே கதை. பள்ளிக்கூடத்தில் ஒரு நெடி கிளம்பினால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை அப்போது பார்த்தோம். உங்கள் லேபில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ரிஜிஸ்டராவது வேண்டாமா?

சரி, பூட்டைத் திறந்து என்ன பார்ப்பது? முதலில் அலமாரிக் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம் பவுடர் தூவினது மாதிரி வெள்ளைப் படலம் படிந்திருந்தால், ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் அமோனியாவும் ஒரே அலமாரியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இரண்டின் ஆவியும் கலந்து உண்டாகும் அமோனியம் குளோரைடுதான் அது. துணியால் துடைத்துவிட்டு அப்படியே பூட்டிவிடாதீர்கள். மூடிகள் சரியில்லை என்று அலமாரியே சொல்கிறது. அமோனியாவை ஆசிட்டுகளிடமிருந்து தனியாக, தரையை ஒட்டிய தட்டில், ஒரு பிளாஸ்டிக் டிரேயில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தோள் உயரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையிலும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும்.

அடுத்தது, பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம். ஆல்டிஹைடு சோதனைக்கு வெள்ளி நைட்ரேட்டில் அமோனியா விட்டு டாலன்ஸ் கரைசல் கலக்கிறோம் இல்லையா? சோதனைக் குழாயில் வெள்ளிக் கண்ணாடி படிந்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்களே, அதுவேதான். மீதியை "நாளைக்கு அடுத்த பேட்ச்சுக்கு ஆகும்" என்று மூடி வைத்துவிட்டுப் போனீர்களா? வைத்திருக்க வைத்திருக்க அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் படியும். அசைத்தாலே போதும். டாலன்ஸ் கரைசலை அன்றன்றைக்குக் கலந்து, அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் ஆசிட் விட்டு முறித்துவிட வேண்டும். போன பிப்ரவரியில் கலந்தது இன்னும் ரேக்கில் நின்றால் தொடாதீர்கள். அறையைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அயோடின் கரைசலும் இப்படித்தான். அடர் அமோனியாவோடு ஒரே கழிவு ஜாடியில் ஊற்றினால் கறுப்பாக ஒன்று படியும். காய்ந்த பிறகு இறகு பட்டாலும் வெடிக்கும்.

பள்ளிகளை மட்டும் சொல்வது நியாயமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964லிருந்து இருக்கிறது, பக்கத்திலேயே திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டை. பிளேட்டிங், பி.சி.பி. எட்ச்சிங், டெஸ்டிங் லேப் என்று அமோனியா புழங்கும் வேலைகள் எத்தனை! அங்கெல்லாம் கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றி ஊற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இதற்கு மன்னிப்பே கிடையாது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஷிஃப்ட் மாறி வருகிறவருக்குத் தாகமாக இருக்கும்.

வேண்டாததை எங்கே கொட்டுவது? வாஷ்பேசினிலோ மழைநீர்க் கால்வாயிலோ இல்லை. இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் ஏரியைத் தேடித்தான் போகின்றன. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் ஏரி கழிவுநீரால் பட்ட பாடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. மீனுக்கு அமோனியா கொடிய விஷம். ஆசிட் விட்டு முறித்துவிட்டால் காரம் போகும், அமோனியம் தண்ணீரிலேயேதான் இருக்கும். நீர்நிலைக்கு விடும் கழிவில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு விதி. கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே ஒரு கழிவு மையம் இருக்கிறது. எப்படி அனுப்புவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். அதைவிட எளிய வழி, அரை லிட்டர் போதுமான இடத்தில் இரண்டரை லிட்டர் வாங்காமல் இருப்பது.

லேபை ஒழிக்கிறோம் என்று மொத்தத்தையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2010இல் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட் 60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி கதிர்வீச்சில் செத்தே போனார். அது வேறு சரக்கு, ஆனால் அலட்சியம் இதே அலட்சியம்தான்.

பாட்டிலைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீர் வாளியில் வைத்து, மூடிமேல் ஈரத்துணி போர்த்தி, முகத்தைத் திருப்பி, மெல்ல மெல்லத் திருகுங்கள். காற்றோட்டமான இடத்தில்தான், தனியாக இருக்கும்போது வேண்டாம்.

அதையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீர் மட்டும், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம். கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன் என்று கழுவாமல் ஆட்டோவில் ஏற்றினால் பாடிக்குப் போவதற்குள் கண் போய்விடும். நெஞ்சு நிறைய இழுத்துவிட்டவர் "இப்போ பரவாயில்லை" என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். டாக்டரிடம் போகும்போது பாட்டிலின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.