ஒன்பது தொழிலாளர்களும் ஓர் உரிமையாளரும்: சிறு தொழில்களுக்கு மருத்துவக் காப்பீடு எங்கே கிடைக்கிறது?

புது தில்லி: சிறு தொழில் நடத்துவோருக்கு எளிதில் கடன் கிடைக்கச் செய்வதில் மத்திய அரசு பல ஆண்டுகளாகக் கவனம் செலுத்தி வருகிறது. 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில், முந்தைய கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கான உச்சவரம்பு 2024-ஆம் ஆண்டு 10 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத வரம்பும் 2025 ஏப்ரல் 1 முதல் 5 கோடியிலிருந்து 10 கோடி ரூபாயாகியுள்ளது. எனினும், இவ்வாறு கடன் பெற்றுத் திரட்டிய நடைமுறை மூலதனம் முழுவதும் குடும்பத்தில் ஒருவருக்கு நடக்கும் அறுவை சிகிச்சையில் கரைந்துவிடலாம். அந்த இழப்புக்குக் கடன் திட்டங்களில் விடை இல்லை.

மொராதாபாத்தின் பித்தளைப் பட்டறை ஒன்றையோ, பிரோசாபாத்தின் வளையல் கூடம் ஒன்றையோ எடுத்துக்கொள்வோம். ஒன்பது தொழிலாளர்கள், ஓர் உரிமையாளர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் எனப்படும் இஎஸ்ஐ, பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே கட்டாயம். எனவே, இந்தப் பட்டறை ஒரே ஒருவர் குறைவதால் திட்டத்துக்கு வெளியே நின்றது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. உரிமையாளரும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டால், 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களும் தாமாக முன்வந்து இஎஸ்ஐயில் சேரலாம். ஆபத்தான தொழில் என அரசு அறிவிக்கும் பணிகளில் ஒரே ஒரு தொழிலாளர் இருந்தாலும் திட்டத்தை நீட்டிக்க முடியும்.

சேர்வதற்கான செலவு எவ்வளவு? 2019 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, ஊதியத்தில் 3.25 சதவீதத்தை உரிமையாளரும் 0.75 சதவீதத்தைத் தொழிலாளரும் செலுத்த வேண்டும். ஒன்பது பேருக்கும் மாதம் தலா 15,000 ரூபாய் ஊதியம் எனக் கொண்டால், உரிமையாளரின் பங்கு ஏறத்தாழ 4,390 ரூபாய். தொழிலாளர் ஒவ்வொருவரின் பங்கு 113 ரூபாய். இதற்கு ஈடாகத் தொழிலாளருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ சிகிச்சை கிடைக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு, நோயுற்ற நாள்களில் ஊதியத்தின் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரையும், மகப்பேற்றின்போது 26 வாரங்களுக்கு முழு ஊதியமும் வழங்கப்படுகின்றன. இந்த விலைக்கு இத்தனை பயன்களைத் தரும் தனியார் காப்பீடு சந்தையில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால், இஎஸ்ஐ மருந்தகமோ மருத்துவமனையோ அருகில் இல்லாத ஊர்களில் அட்டை இருந்தும் பயன் குறைவு.

ஊதிய வரம்பு மற்றொரு தடை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோர் திட்டத்தில் சேர முடியாது. இந்த வரம்பு 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பின் விலைவாசியும் ஊதியமும் உயர்ந்துள்ள நிலையில், அனுபவமிக்க கைவினைஞர் ஒருவர் ஊதிய உயர்வு பெற்றதாலேயே காப்பீட்டை இழக்கும் விந்தையும் நேர்கிறது.

இனி உரிமையாளரின் நிலை. தனிநபர் உரிமையாளர் தம் சொந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஆகவே இஎஸ்ஐ அவருக்கில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2018-இல் தொடங்கியபோது 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டது. நகர்ப்புறங்களில் தெருவோர வியாபாரிகளும் சிறு கடை ஊழியர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். சற்றே வசதியான பட்டறை உரிமையாளருக்கு இடமில்லை. ஏழையும் அல்லர், மாத ஊதியக்காரரும் அல்லர் என்ற இந்தப் பிரிவினரை 'விடுபட்ட நடுத்தரப் பிரிவினர்' என 2021 அக்டோபரில் வெளியான நீதி ஆயோக் அறிக்கை குறிப்பிட்டது. மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடிப் பேர், மருத்துவச் செலவுக்கு எவ்விதப் பாதுகாப்பும் இன்றி உள்ளனர் என்பது அதன் மதிப்பீடு.

இவர்களுக்குத் தனிநபர் காப்பீடே வழி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகள் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி முற்றிலும் நீக்கப்பட்டது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரியாகச் செலுத்திய 3,600 ரூபாய் இனி இல்லை. அதேவேளை, காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் செலவுகள் மீது செலுத்தும் வரிக்கு உள்ளீட்டு வரி வரவு பெற முடியாது என்பதால், அந்தச் சுமை பிரீமியத்தின் அடிப்படைத் தொகையில் ஏறக்கூடும். புதுப்பிக்கும்போது வரி வரியை மட்டும் பார்க்காமல், அடிப்படைத் தொகையையும் முந்தைய ரசீதுடன் ஒப்பிடுவது நல்லது.

இச்சலுகை குழுக் காப்பீட்டுக்குப் பொருந்தாது. தம் ஊழியர்களுக்காக ஒரு சிறு நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்தால் 18 சதவீத வரி தொடர்கிறது. சட்டப்படி கட்டாயமானால் அன்றி, அந்த வரிக்கு உள்ளீட்டு வரவும் கிடையாது. தமக்கென வாங்குபவருக்கு விலக்கு, பத்துப் பேருக்காக வாங்குபவருக்கு வரி என்ற இந்த அமைப்பு சிறு தொழில் கொள்கையோடு பொருந்தி வரவில்லை. பிரிவு 80டி தரும் வருமான வரிக் கழிவும் பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே.

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கப்படுவதைக் கண்டு, தமக்கு மருத்துவக் காப்பீடு உள்ளதாக வியாபாரிகள் நினைத்துவிடக்கூடும். முதலாவது விபத்துக் காப்பீடு, இரண்டாவது ஆயுள் காப்பீடு. மருத்துவமனைச் செலவை இவ்விரண்டும் ஏற்பதில்லை.

வீட்டில் 70 வயது நிறைந்த பெற்றோர் இருந்தால் நிலைமை வேறு. 2024 அக்டோபர் 29 முதல், வருமான வேறுபாடின்றி அவ்வயதினர் அனைவரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை பெற்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தனியார் காப்பீடு வைத்திருப்பதோ, இஎஸ்ஐ பயனாளியாக இருப்பதோ இதற்குத் தடையல்ல.

70 வயதுக்குக் கீழ் உள்ளோருக்கு ராஜஸ்தான் ஒரு வழியைக் காட்டியது. 2021-இல் அம்மாநிலம் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பிரிவில் வராத குடும்பங்களும் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேர முடிந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இவ்வாறு பணம் செலுத்திச் சேரும் வாய்ப்பை மத்திய அரசு நாடு முழுவதற்குமாக இதுவரை அறிவிக்கவில்லை.