விமானத்தில் நான்கு மணி. வரப்பில் எத்தனை மணி?

"ஐயா, சிங்கப்பூருக்கு விமானம் நாலு மணி நேரத்தில் போய்விடுகிறதாம். அப்படியிருந்தும் என் வெண்டைக்காய் வாடி இறங்கியது என்று விலையைக் குறைத்துவிட்டார்களே!" என்று திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,900 கிலோ மீட்டர். மேற்கே துபாயும் ஏறத்தாழ அதே தொலைவுதான். பறக்கும் நேரம் நான்கு மணியை ஒட்டியது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி இருப்பதால், இங்கே காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் அங்கே பிற்பகல் 3.30 மணிக்கு இறங்கும். கடிகாரம் ஆறரை மணி காட்டினாலும், காய்க்குக் கூடிய வயது நான்கு மணிதான்.

அப்படியானால் காய் எங்கே வாடுகிறது? கணக்குப் பார்ப்போம். காலை 6 மணிக்குப் பறித்த காய் பிற்பகல் 3 மணிக்கு லாரி ஏறி, நள்ளிரவு சென்னை சேருகிறது. பூச்சி, நோய் இல்லை என்ற அரசுச் சான்றுக்கான சோதனை, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து மறுநாள் காலை 9 மணிக்கு விமானம். பறித்ததிலிருந்து இறங்கும்வரை 31 மணி. அதில் 27 மணி தரையில் கழிந்தவை!

பறித்த பின்னும் காய் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மூச்சு வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், 35 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்த காய், 15 டிகிரியில் நான்கு மணி நேரம் இருந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். வரப்பு வெயிலில் போகும் ஒரு மணி, ஒரு சிங்கப்பூர்ப் பயணத்துக்குச் சமம்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் செய்ய வேண்டியவை:

1. வெயில் ஏறுமுன் பறித்து, உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும்.

2. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தால் காய் முற்றாது. முற்றல், சொத்தை, வளைந்த காய்களைத் தோட்டத்திலேயே கழித்துவிடுங்கள்.

3. சாக்கில் திணிக்காமல், காற்றுத் துளையுள்ள பெட்டியில் அடுக்க வேண்டும்.

4. வெண்டையின்மேல் ஐஸ் போடக்கூடாது. பட்ட இடம் புள்ளி விழும். 7 முதல் 10 டிகிரி குளிர்ச்சியே ஏற்றது.

5. மருந்து தெளித்தால், அதற்குரிய காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே பறிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. விமான வாடகை, எடை அல்லது பெட்டியின் கன அளவு, இரண்டில் எது கூடுதலோ அதற்கே. 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவாகக் கொள்ளப்படும். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 25 உயரமுள்ள பெட்டியில் 7 கிலோ காய் வைத்தாலும் 10 கிலோவுக்கு வாடகை உண்டு. அது கடைசியில் உங்கள் விலையில்தான் கழியும். அளவுக்கேற்ற பெட்டியையே ஏற்றுமதியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

விமானத்தின் நான்கு மணியை நம்மால் குறைக்க முடியாது. வரப்பில் வீணாகும் மணிகளைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.