புதிய கணிப்பொறியில் பழைய இயங்குதளம்

செம்பூர் நிலையத்தில் நாள்தோறும் ரயிலேறும் நம்மவர் பலர், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் தலைக்கு மேலே நடந்தேறிய ஒரு பெரிய மாறுதலைக் கவனித்திருக்க மாட்டார்கள். மும்பையின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அன்று முதல் புறநகர்ப் பாதைகளின் கம்பிகளில் 1,500 வோல்ட் அழுத்தமுள்ள நேர்திசை மின்சாரமே பாய்ந்து வந்தது. மேற்கு ரயில்வே 2012இலும், மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015இலும், செம்பூர் வழியாகச் செல்லும் துறைமுகப் பாதை 2016இலும் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு முழுமையாக மாறின. நேர்திசை மின்சாரத்தை மட்டுமே ஏற்க வல்ல பழைய வண்டித் தொடர்கள் அதன்பின் அப்பாதைகளில் ஓட இயலாமற் போயின. மாறுதல் நிகழ்ந்த இடைக்காலத்தில் இருவகை மின்சாரத்தையும் ஏற்கும் வண்டிகள் தனியே வாங்கி ஓட்டப்பட்டன.

பழைய வண்டியின் சக்கரத்திலோ கதவிலோ இருக்கையிலோ குறை ஏதுமில்லை. மாதுங்காவில் 1915 முதல் இயங்கிவரும் ரயில்வே பணிமனையின் தேர்ந்த தொழிலாளர் அதனைப் புதுக்கித் தந்தாலும் அது நகராது. வண்டி எதிர்பார்ப்பது ஒன்று, கம்பி தருவது வேறொன்று என்பதே அதற்குக் காரணம். புதிதாக வாங்கிய கணிப்பொறியில் அதனுடன் வந்த இயங்குதளத்தை அகற்றிவிட்டுப் பழைய பதிப்பை நிறுவ முயல்வோர் சந்திக்கும் இடையூறும் பெரும்பாலும் இத்தகையதே.

இம்முயற்சியை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தாராவியில் துணிகளுக்குப் பூவேலை செய்யும் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அங்குள்ள பூத்தையல் யந்திரம் நன்றாக உழைக்கிறது. ஆனால் அதற்கு வடிவம் தயாரித்துத் தரும் மென்பொருள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது. விண்டோஸ் 7 பதிப்பிலேயே அது இயங்கும். பழைய கணிப்பொறி பழுதாயிற்று. கடையில் கிடைப்பதோ விண்டோஸ் 11 உடன் கூடிய புதிய பொறி. புதிய மென்பொருள் வாங்குவதென்றால் அந்தச் செலவு பட்டறையின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். தமிழ் வழிப் பள்ளியொன்றில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துள்ள வினாத்தாள்கள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. களப்பணி அலுவலகம் ஒன்றில் அளவைக் கருவிக்கான மென்பொருள் புதிய பொறியில் திறக்க மறுக்கிறது. இவ்விடங்களிலெல்லாம், "பழைய விண்டோஸையே போட்டுவிடலாமே" என்று யாரேனும் யோசனை கூறுவது இயல்பு. அது எளிதாக முடியுமா, முடிந்தாலும் தகுமா என்பவற்றை ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயங்குதளம், கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நிற்பது. கடிதம் எழுதும் மென்பொருளுக்கு நம் விசைப்பலகை எவ்வகையினது, அச்சுப்பொறி எந்த நிறுவனத்தது என்பன தெரியா. அது இயங்குதளத்திடம் சொல்லும். இயங்குதளமும் ஒவ்வோர் உறுப்பின் நுட்பத்தையும் நேரே அறிந்ததன்று. உறுப்புக்கு ஒன்றாக டிரைவர் என்னும் சிறு நிரல்கள் உள்ளன. அவற்றின் வாயிலாகவே அது உறுப்புகளை ஏவுகிறது. வண்டியோட்டியைக் குறிக்கும் அச்சொல் இவ்விடத்துக்கும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் இல்லாத வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் அன்றோ!

உறுப்பைச் செய்யும் நிறுவனமே அதன் டிரைவரையும் எழுதி வெளியிடுகிறது. 2024இல் செய்த ஓர் உறுப்புக்கு அன்று வழக்கிலுள்ள இயங்குதளங்களுக்கு ஏற்ற டிரைவரை அந்நிறுவனம் எழுதும். 2009இல் வெளியான விண்டோஸ் 7க்கு எழுத அதற்குத் தேவையில்லை, இலாபமும் இல்லை. எழுதப்படாத டிரைவரை நாம் எங்குத் தேடினும் கிடைக்காது. இந்த இடையூற்றின் வேர் இதுவே.

இதனை நேரிற் கண்டோர் பலர். 2015க்குப் பின் வந்த பல பொறிகளில், யு.எஸ்.பி. துளைகளை இயக்கும் பழைய வகைக் கட்டுப்பாட்டுச் சில்லு நீக்கப்பட்டு, யு.எஸ்.பி. 3.0 வகை மட்டுமே வைக்கப்பட்டது. விண்டோஸ் 7 அந்த வகையை அறியாது. ஆகவே அதனை நிறுவத் தொடங்கியதும் முதல் திரை அழகாகத் தோன்றும். மொழியைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும். ஆனால் மௌஸை எவ்வளவு நகர்த்தினாலும் குறி அசையாது, விசைப்பலகையை அழுத்தினாலும் பதில் இராது. பொறி கெட்டுவிட்டதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் சென்றவர் பலர். பொறி நலமாகவே இருந்தது. அதனோடு பேசத் தெரிந்த நிரல்தான் உள்ளே இல்லை.

இதற்கும் முன்னதாக, கணிப்பொறியைத் தட்டியவுடன் முதலில் விழித்தெழும் சிறு நிரல் ஒன்று தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணிப்பொறியுடன் வந்த அந்நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். இப்பொழுது அதன் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய ஏற்பாடு பிடித்துக்கொண்டது. வட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குறித்து வைக்கும் முறையும் மாறிற்று. பழைய முறையில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. புதிய முறைக்கு அந்தத் தடை இல்லை. சில ஆண்டுகள் வரை வெளிவந்த பொறிகளில், இருவகை மின்சாரத்தையும் ஏற்கும் ரயில்வண்டியைப் போல, புதிய ஏற்பாட்டுடன் பழைய பயாஸைப் போல நடிக்கும் வசதியும் சேர்ந்திருந்தது. அண்மைக்காலப் பொறிகள் பலவற்றில் அவ்வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது. அத்தகைய பொறியில் விண்டோஸ் 7 பெரும்பாலும் தொடக்கத் திரையையே தாண்டாது.

பழையதை நாடும் இந்தப் பழக்கம் இன்று தோன்றியதன்று. 2007 ஜனவரி 30ஆம் நாள் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபொழுது, அது மெதுவாக இயங்குகிறது, பழைய கருவிகள் வேலை செய்யவில்லை என்று உலகெங்கும் குறை எழுந்தது. 2001இல் வந்த எக்ஸ்.பி.க்கே திரும்பப் பலர் விரும்பினர். விஸ்டாவின் அலுவலகப் பதிப்புகளை வாங்கியோர் எக்ஸ்.பி.யை நிறுவிக்கொள்ள உரிமமே இடந்தந்தது. அன்று அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது எனலாம். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் வரை வந்துகொண்டிருந்தன. இன்றைய நிலை வேறு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. பத்துக்கு மட்டும் பதிவு செய்துகொண்டோர் குறிப்பிட்ட காலத்துக்குத் திருத்தங்களை நீட்டித்துப் பெற ஏற்பாடு உண்டு.

திருத்தம் வராமற்போனால் என்ன தீங்கு என்று சிலர் வினவக்கூடும். இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகளால் ஆனது. அதில் ஓட்டைகள் இருந்தே தீரும். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையை அடைக்க வரும் நிரலே திருத்தம். 2017 மார்ச் மாதத்தில் விண்டோஸின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியாயிற்று. அதனை இட்டுக்கொள்ளாத பொறிகளை அதே ஆண்டு மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் தீநிரல் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணிப்பொறிகள் சிலவும் அதில் சிக்கின. அடுத்த மாதம் 27ஆம் நாள் அதே ஓட்டையை ஒரு வழியாகக் கொண்டு பரவிய நாட்பெட்யா என்னும் மற்றொரு தீநிரல், மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் வேலையைத் தடைப்படுத்தியது. அது கடவுச்சொற்களைத் திருடியும் பரவியதாகையால், திருத்தம் இட்ட பொறிகளும் தப்பவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். திருத்தம் பூட்டைப் போன்றது. பூட்டியிருந்த வீட்டிலும் களவு போவதுண்டு. அதற்காகக் கதவைத் திறந்து வைத்து உறங்குவார் யாருமிலர்.

பணம் வழங்கும் ஏ.டி.எம். யந்திரங்களுள் பல எக்ஸ்.பி.யில் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ட ரிசர்வ் வங்கி, மும்பையிலுள்ள தன் தலைமை அலுவலகத்திலிருந்து 2018 ஜூன் 21ஆம் நாள் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அவ்வாண்டு செப்டம்பருக்குள் கால் பங்கும், டிசம்பருக்குள் பாதியும், 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கும், ஜூனுக்குள் முழுவதும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றப்படல் வேண்டும் என்பது கட்டளை. யு.எஸ்.பி. துளைகளை அடைத்தல், பயாஸுக்குக் கடவுச்சொல் இடுதல் முதலியவற்றை அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் செய்யவும் பணித்தது. பழைய இயங்குதளத்தை வைத்திருக்க நேரும் ஒவ்வொருவரும் இப்பகுதியைக் கவனித்தல் நன்று. அதனை எங்ஙனம் அடைத்துக் காப்பது என்பதற்கு நல்ல வழிகாட்டியாக அது அமைந்துள்ளது.

இனி, முன்பு கூறிய மூன்று இடங்களுக்கும் திரும்புவோம். பெரும்பாலோருக்கு வேண்டுவது பழைய இயங்குதளம் அன்று. அதில் ஓடும் ஒரே ஒரு மென்பொருள்தான். பள்ளியின் வினாத்தாள் சிக்கலுக்கு இயங்குதளத்தைத் தொடவே தேவையில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துருக் கோப்பு விண்டோஸ் 11லும் நிறுவத்தக்கதே. வேலை செய்ய மறுப்பது பழைய தட்டச்சு நிரல்தான். கோப்புகளை எழுத்துரு மாற்றி நிரலால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, விண்டோஸுடனேயே வரும் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தலாம். மாற்றியபின் வினாத்தாளை ஒருமுறை கண்ணால் வாசித்துப் பார்த்தல் வேண்டும்; கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு.

பட்டறைக்கும் களப்பணி அலுவலகத்துக்கும் ஏற்றது மெய்நிகர்க் கணிப்பொறி. புதிய இயங்குதளத்தின் உள்ளே, ஒரு சாளரத்தில், பழைய கணிப்பொறி ஒன்று இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. விர்ச்சுவல்பாக்ஸ் அவற்றுள் விலையின்றிக் கிடைப்பது. அந்தச் சாளரத்தினுள் முறையான உரிமமுள்ள விண்டோஸ் 7ஐ நிறுவினால், அதற்குத் தெரிவன எல்லாம் பழைய வகை உறுப்புகளே. எனவே டிரைவர் தொல்லை எழாது. அதன் இணையத் தொடர்பை அறுத்துவிடலாம். மென்பொருளின் யு.எஸ்.பி. சாவியையும் பெரும்பாலும் அதனுள் செலுத்த முடியும். சாவி பழைய அச்சுப்பொறித் துளையில் செருகும் வகையாயின் இவ்வழி உதவாது. ஆனால் புதிய பொறியில் அந்தத் துளையே இல்லாதபொழுது பழைய இயங்குதளத்தை நேரே இட்டாலும்தான் என்ன பயன்? அந்நிலையில் பழைய பொறியையே செப்பனிட்டு, வலையில் இணைக்காமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே மலிவானது. விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே வருவது. 1990களில் எழுதப்பட்ட 16 பிட் நிரல்கள் அதில் ஓடா. அவற்றுக்கும் மெய்நிகர்ப் பொறியே வழி.

இவையனைத்தையும் ஆராய்ந்தபின்னும் விண்டோஸ் 11ஐ நீக்கிப் பத்தை இட வேண்டியே தீரும் என்போர் சிலவற்றை முன்கூட்டியே செய்துகொள்ளல் வேண்டும். பத்திலிருந்து பதினொன்றுக்கு மேம்படுத்திய பொறியாயின் முதற் பத்து நாட்களுக்குள் அமைப்புகள் பகுதியிலிருந்தே பின்செல்லலாம். பதினொன்றுடனேயே கடையிலிருந்து வந்த பொறியில் பின்செல்ல ஒன்றுமில்லை. வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவதே வழி. பதினொன்றின் புரொபஷனல் பதிப்புடன் வந்த பொறிக்குப் பத்தின் புரொபஷனல் பதிப்பை இடும் உரிமை உண்டு. ஹோம் பதிப்புக்கு அவ்வுரிமை இல்லை. கடைத்தெருவில் எவரோ திருத்திக் கொடுக்கும் நகலை இடுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தொடங்குமுன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அவற்றை மற்றொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல் வேண்டும். படியெடுத்தோம் என்று நம்பி, திறந்து பாராமல் மதிப்பெண் பதிவேட்டை இழந்த ஆசிரியர்கள் உண்டு. புதிய பொறிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கர் என்னும் முறையால் தாமாகவே மறையாக்கப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் தொடக்க அமைப்புகளை மாற்றினால், மறுமுறை தொடங்கும்பொழுது பொறி அதனைக் கேட்டு நிற்கும். தயாரிப்பாளரின் மீட்புப் பகுதியையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டால் தேவைப்படும்பொழுது முதல் நிலைக்குத் திரும்பலாம்.

தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்தப் பொறியின் எண்ணுக்கு நேரே பத்துக்கான டிரைவர்கள் உள்ளனவா என்று வட்டை அழிக்குமுன்பே பார்த்துவிட வேண்டும். இல்லையாயின் அங்கேயே நிறுத்திக்கொள்க. இருப்பின், வைஃபைக்குரிய டிரைவரை முதலில் இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்க. நிறுவி முடித்தபின் அது இல்லையென்றால் இணையம் வராது. இணையம் வராவிடில் அந்த டிரைவரை இறக்கவும் வழியிராது.