மின்மாற்றியும் தம்புராவும்

அத்திப்பட்டு மாணவர்களுக்கு மின்சாரத்தின் பிறப்பிடம் தூரத்தில் இல்லை. வட சென்னை அனல் மின் நிலையம் அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. இரவில் தெரு ஓசை அடங்கியபின், வேலிக்கு வெளியே நின்றபடி ஒரு பெரிய மின்மாற்றியைக் கவனியுங்கள். வண்டு முரல்வதுபோல் 'ம்ம்ம்' என்ற ஒலி இடைவிடாது கேட்கும். இதற்கும் இசைக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா?

நம் நாட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் இரு முறை காந்தமாகிறது. அப்போது அதன் நீளம் மிக மிகச் சிறிதளவு மாறுகிறது. ஆகவே உள்ளகம் நொடிக்கு 100 முறை அதிர்கிறது. இந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியுடன் 200, 300, 400 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கலந்து வருகின்றன. இவை மேற்சுரங்கள். 100 ஹெர்ட்ஸை 'ச' என்று கொண்டால், 200 அதன் மேல் 'ச'. 300 ஹெர்ட்ஸோ அந்த மேல் 'ச'வுக்கு 3:2 விகிதத்தில் அமைகிறது. அதுதான் 'ப'!

தம்புராவின் இனிமையும் மேற்சுரங்களால் வருவதே. அதன் அகன்று வளைந்த குதிரையும், தந்திக்கு அடியில் வைக்கும் நூலும் மேற்சுரங்களை வலுவாக எழுப்புகின்றன. இதை ஆராய்ந்து சி. வி. இராமன் 1921இல் கட்டுரை வெளியிட்டார்.

தந்தி இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? முடியும். 'சிந்தசைசர்' என்னும் மின்னணு இசைக்கருவியில் ஒரு சுற்று, மேற்சுரங்கள் நிறைந்த அலையை உண்டாக்கும். வடிப்பான் என்னும் மற்றொரு சுற்று, வேண்டாத மேற்சுரங்களை நீக்கும். வடிப்பானின் குமிழை மெல்லத் திருகினால், ஒரே சுரம் மொட்டு விரிவதுபோல் மலரும்.

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் உதவியுடன் 'மூக்' சிந்தசைசர் நிறுவப்பட்டது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் அதில் இசை அமைத்தனர். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் நோக்கம் என்று, 1946இல் தம்மிடம் இந்திய இசை பயின்ற ஜான் கேஜிடம் கூறியவர் கீதா சாராபாய். அவர்களுடைய ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

மேல்நாட்டில் 1978இல் பிரையன் ஈனோ 'ஆம்பியன்ட்', அதாவது சூழல் இசை என்ற பெயரைப் பரப்பினார். இத்தகைய இசையில் தாளமும் வேகமும் குறைவு. அடுத்து என்ன வரும் என்று காது காத்திருப்பதில்லை. ஒரே ஒலியின் உள்ளே நிகழும் நுண்ணிய மாற்றங்களில் ஆழ்கிறது.

அப்படியானால் ஆலை இரைச்சலும் தியான இசைதானா? இல்லை. விடிய விடிய உரத்து ஒலித்து உறக்கத்தைக் கெடுப்பதை நாம் நிறுத்த முடியாது. தம்புராவை வேண்டும்போது மீட்டலாம். போதும் என்றால் நிறுத்தலாம். இந்த வேறுபாடு பெரிது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தம்புரா அல்லது சுருதிப்பெட்டி ஒலியை மெல்லிய அளவில் வைத்து, ஐந்து நிமிடம் கண்மூடிக் கேளுங்கள். முதலில் ஒரே ஒலிதான் கேட்கும். பொறுமையாக இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சுரங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். எத்தனை கேட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள்!