கனவுக் கலாசாலையா, உபகாரச் சம்பளமா?

சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் சமயத்தில் பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியாகின்றன. அன்று தொடங்கி ஆடி மாதம் வரையில் நம் இல்லங்களில் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேச்சு. பையனோ பெண்ணோ பல வருஷங்களாக மனத்தில் வைத்துப் போற்றிய கலாசாலை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் லட்சக் கணக்கில் சம்பளம் கட்டவேண்டும். அவ்வளவு பெயர் பெறாத மற்றொரு கலாசாலை, உபகாரச் சம்பளம் தந்து படிக்க வைக்கிறோம் என்று அழைக்கிறது. எதை ஏற்பது, எதை விடுவது?

எல்லோருக்கும் பொருந்தக்கூடிய விடை இதற்குக் கிடையாது. ஆனால் விடை காண்பதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. கணக்கை முழுமையாக எழுதிப் பார்க்கவேண்டும். எழுதிய கணக்கைப் படிக்கப் போகிற குழந்தையின் முன்னிலையிலேயே விரித்து வைக்கவேண்டும். அநேக வீடுகளில் இவ்விரண்டும் நடைபெறுவதில்லை என்பதுதான் நம் வருத்தம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் ரூபாயைப் பாங்கியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கம். இதைக் கேட்டு மகிழ்பவர்கள், அந்த ஐந்தாண்டும் வட்டி தூங்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். தனி வட்டியாகக் கணக்கிட்டாலும் மூன்றரை லட்சம் ஏறிவிடும். பதின்மூன்றரை லட்சமாகிவிட்ட கடனைப் பத்தாண்டில் அடைப்பதானால் மாதந்தோறும் ஏறக்குறைய 17,800 ரூபாய் கட்டவேண்டும். கட்டி முடிக்கும்போது இருபத்தொரு லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்போம். இருபத்திரண்டு வயதில் முதல் உத்தியோகத்தில் அமரும் இளைஞன் தன் ஊதியத்தில் இந்தத் தொகையை எடுத்து வைத்துவிட்டு வாடகையும் கொடுத்து உணவும் உண்ண முடியுமா? இக்கேள்வியைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அதே சமயத்தில், பெரிய தொகையைக் கண்டவுடன் மிரண்டு பின்வாங்குவதும் தவறு. சென்னை ஐ.ஐ.டி. போன்ற ஸ்தாபனங்களில் 2016-இல் சம்பளம் ஆண்டுக்கு இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டபோதே, குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி என்றும், ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்றும் விதி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விச் சம்பளச் சலுகை 2010-இல் ஏற்பட்டது. சர்க்கார் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது; அவ்விடங்களைப் பெறுவோரின் கலாசாலைச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கும் என்று அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. இவற்றை விசாரியாமல் கனவைக் கைவிட்டவர்களும் உண்டு.

இனி உபகாரச் சம்பளத்தின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அது முதலாண்டுக்கு மட்டுந்தானா, நான்கு ஆண்டுகளுக்குமா? ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மதிப்பெண் பெற்றால் நீடிக்கும்? விடுதிச் செலவும் அதில் அடங்குமா? இவற்றை வாய்மொழியாக அல்லாமல் எழுத்து மூலமாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். கணித மேதை ராமாநுஜன் 1904-இல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன்தான் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனியாமற்போகவே அந்த உதவி நின்றுபோயிற்று. கலாசாலைப் படிப்பும் தடைப்பட்டது. மேதைக்கே இக்கதி என்றால், நிபந்தனைகளைப் படித்துப் பாராமல் சேருகிற மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கடன் பட்டாவது படிக்கத் தக்க படிப்பும் உண்டு. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கலாசாலையில் பட்டம் பெற்ற பிறகு, 1950-களின் நடுவில் குரோம்பேட்டையிலிருந்த எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயில விரும்பினார். சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அக்காலத்தில் அந்தப் படிப்பைக் கற்பிக்கும் இடங்கள் தென்னாட்டில் அரிது. வேறெங்கும் எளிதில் கிட்டாத கல்விக்காக அந்த நகை அடகுக்குப் போயிற்று. வெறும் பெயருக்காகப் போகவில்லை.

இந்த வேற்றுமையைப் பெற்றோர் நன்கு உணரவேண்டும். நம் குழந்தை விரும்பும் படிப்பு அந்த ஓரிடத்தில்தான் உண்டா, அல்லது அதே படிப்பு குறைந்த செலவில் பக்கத்து ஊரிலும் கிடைக்கிறதா? அண்ணா சர்வகலாசாலையுடன் இணைந்த கலாசாலைகளில் எங்கே படித்தாலும் பட்டம் வழங்குவது அந்தச் சர்வகலாசாலையே. வித்தியாசமெல்லாம் ஆசிரியர்களிலும், ஆய்வுக்கூடத்திலும், உடன் படிக்கும் மாணாக்கரிலும், படித்து முடித்தவுடன் கிடைக்கும் வேலையிலுந்தான். ஆதலால் இரண்டு கலாசாலைகளுக்கும் நேரில் போய், மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் படிக்கும் மாணவர்களைக் கண்டு விசாரிப்பது நலம். விளம்பரப் பலகை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். சாதாரணக் கலாசாலையில் பட்டம் பெற்று, பிறகு 'கேட்' பரீட்சை எழுதி, மாதாந்தர உதவித் தொகையுடன் பெரிய ஸ்தாபனத்தில் மேற்படிப்புப் படிப்போரும் பலர். கனவுக் கலாசாலையின் கதவு ஒருமுறைதான் திறக்கும் என்று எண்ணிக் கலங்கவேண்டாம்.

சொல்லியே தீரவேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. ஒரே வீட்டில் பையன் கேட்ட கலாசாலைக்காக நிலத்தை அடமானம் வைக்கிறார்கள். அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண்ணிடம், "உனக்குத்தான் உபகாரச் சம்பளம் வருகிறதே, உள்ளூரிலேயே படி அம்மா" என்கிறார்கள். சிக்கனம் நல்ல குணம்; ஆனால் பெண் குழந்தைக்கு மட்டும் சிக்கனம் என்றால் அது அநீதி. மூத்தவனுக்காக வாங்கிய கடன் இளையவளின் கல்வியை விழுங்கிவிடாமல், அவளுக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

அவசரப்படுத்துகிற ஸ்தாபனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. "நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்ற மிரட்டலுக்குப் பயந்து கட்டிவிட்டுப் பின்னால் வருந்துவோர் பலர். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கலாசாலைகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். கட்டிய பணம் திரும்பும் விதியையும் அப்பொழுதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் தங்கள் வருமானத்தையும் கடனையும் குழந்தைகளிடம் மறைப்பது அன்பினால்தான். ஆயினும், பதினேழு வயதான குழந்தை கணக்கைப் புரிந்துகொள்ளும். தன் விருப்பத்தை எடுத்துச் சொல்லவும் அதற்குத் தெரியும். கணக்கைப் பார்த்த பிறகு அது தானே தேர்ந்தெடுத்த கலாசாலை பெரிதாயினும் சிறிதாயினும், அங்கே மனம் ஊன்றிப் படிக்கும். காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்ட குழந்தைக்கோ எந்தக் கலாசாலையும் தண்டனையாகவே தோன்றும். ஆகவே, இவ்வாண்டு இந்தக் கேள்வி எழுந்துள்ள இல்லங்களில், இன்றிரவு சாப்பாடு ஆனதும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எல்லோருமாக உட்காருங்கள்.