'டெய்ட்டி' லெவலில் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா? பழவேற்காட்டின் 'பாடு' கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஏரி கடலைத் தொடும் முகத்துவாரம்தான் அந்த ஊரின் பொன்விளையும் பூமி. ஏரித் தண்ணீர் கடலுக்குள் வடியும்போது இறாலும் சேர்ந்து வெளியேறும். அந்த நீரோட்டத்தின் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டினால் நல்ல பிடி கிடைக்கும். ஆனால் அப்படி வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். வலை வைத்திருக்கும் குடும்பங்களோ ஏராளம். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் இறால் மிஞ்சாது, அடிதடிதான் மிஞ்சும்.

இதற்காக அங்குள்ள மீனவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே ஏற்படுத்திய ஏற்பாடுதான் 'பாடு'. இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பாடு உரிமையுள்ள ஊர்களில், ஊருக்குள்ளும் குழுக்களுக்கு முறை உண்டு. இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால், அந்த நாளை வீணாக்க முடியாது. வீணாக்கினால் அடுத்த முறை வரை வீட்டில் பற்றாக்குறைதான்.

போனில் கேம் ஆடும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சட்டென்று பெயர் சொல்லிவிடுவார்கள்... 'டர்ன் பேஸ்டு'!

நீங்கள் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. கை வேகத்துக்கு இங்கே வேலையில்லை, யோசனைக்குத்தான் வேலை. தாயமும் சதுரங்கமும் இந்த வகைதான். வீடியோ கேம்களில் இதன் தாத்தா என்றால் 1991-ல் சிட் மெயர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்'. ஒரே ஒரு ஊரில் தொடங்கி ஒரு பேரரசைக் கட்டவேண்டும். 2016-ல் வந்த அதன் ஆறாம் பாகம் இப்போது போனிலும் ஓடுகிறது. அதில் மொத்தம் எட்டு லெவல்கள். செட்லர், சீஃப்டன், வார்லார்ட், பிரின்ஸ், கிங், எம்பரர், இம்மார்ட்டல், கடைசியாக டெய்ட்டி. பிரின்ஸ் வரை ஜாலியாக ஜெயித்தவர்கள் கிங், எம்பரர் பக்கம் போனதும் அடிவாங்குவார்கள். டெய்ட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏன் இப்படி? லெவல் ஏற ஏற கம்ப்யூட்டர் புத்திசாலி ஆகிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் மூளை வளர்வதில்லை. வளர்வது அதற்குக் கிடைக்கும் சலுகை. பிரின்ஸ் லெவலில் இருவருக்கும் சமமான களம். டெய்ட்டியில் உங்களுக்கு ஊர் அமைக்க ஒரே ஒரு 'செட்லர்' கிடைக்கும்போது, எதிராளிக்கு மூன்று கிடைக்கும். கூடவே தங்கத்திலும் உற்பத்தியிலும் 80 சதவிகிதம் கூடுதல். சண்டை பலமும் அதிகம். ஆட்டம் தொடங்கும் முன்பே அவன் பாதி தூரம் ஓடிவிட்டான்.

நம் ஊர் ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆடு புலியை வெட்டவே முடியாது. ஆனாலும் ஆடு வைத்திருப்பவர் ஜெயிக்கலாம், புலி நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் போதும். டெய்ட்டி லெவலில் நீங்கள் ஆடு. புலி மாதிரி பாய்ந்தால் முதல் 30 டர்னுக்குள் கதை முடிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் தோற்பதும் அந்த முதல் சில டர்ன்களில்தான். 'இந்த டர்னில் பெரிதாக ஒன்றும் இல்லையே' என்று 'நெக்ஸ்ட்' பட்டனைத் தட்டிக்கொண்டே போவார்கள். சுலபமான லெவலில் அது செல்லும். கடின லெவலில் ஒவ்வொரு டர்னும் பாடு கிடைத்த நாள் மாதிரி. ஊரில் என்ன கட்டப்படுகிறது, எது எத்தனை டர்னில் முடியும், அதைவிட அவசரமான வேலை உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொடவேண்டும்.

அதிசயங்களின் மீது ஆசை வைப்பதும் ஆபத்து. பிரமிடு கட்டலாம், தொங்கும் தோட்டம் கட்டலாம் என்று ஆரம்பிப்பீர்கள். உற்பத்தி அதிகமுள்ள எதிராளி உங்களுக்கு முன்பே கட்டி முடித்துவிடுவான். அந்த உழைப்பில் இன்னும் ஓர் ஊர் அமைத்திருக்கலாம், இரண்டு வில்லாளிகளைத் திரட்டியிருக்கலாம். அந்த வில்லாளிகள்தான் ஆரம்பத்தில் உயிர் காப்பவர்கள். கம்ப்யூட்டர் பெரிய படையோடு வரும், ஆனால் மதில் சூழ்ந்த ஊரைப் பிடிக்க அதற்குச் சரியாகத் தெரியாது. ஊருக்குள் ஒருவரும் பின்னால் இருவருமாக நின்று அம்பு விட்டாலே பல படையெடுப்புகள் கரைந்துவிடும்.

இந்த கேமில் 'யுரேகா' என்று ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தால், அதற்குரிய ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இலவசமாக முடிந்துவிடும். கடற்கரையில் ஓர் ஊர் அமைத்தால் கப்பலோட்டும் கலைக்கு யுரேகா கிடைக்கும். கடலில் இரண்டு மீன்பிடி வளங்களை மேம்படுத்தினால் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் செலுத்தும் கலைக்குக் கிடைக்கும். கடல் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சர்யம் இருக்காது! அடுத்து எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் முன்பு, எந்த யுரேகா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது கடின லெவல் ஆட்டக்காரர்களின் முதல் பழக்கம்.

அதைவிடச் சுவையான தந்திரம் ஒன்று இருக்கிறது. எதிராளிக்குத்தான் தங்கம் கூடுதலாகக் கொட்டுகிறதே, அதை நாம் வாங்கிக்கொண்டால் என்ன? உங்களிடம் உபரியாக இருக்கும் பட்டு, முத்து, சர்க்கரை போன்றவற்றை அவனிடம் விற்றுவிடலாம். லெவல் ஏற ஏற அவனிடம் பணம் அதிகம், கேட்டால் நல்ல விலை கொடுப்பான். அவனுக்குக் கிடைத்த சலுகையில் ஒரு பங்கு உங்கள் கஜானாவுக்கு வந்துவிடும்.

சரி, இவ்வளவு செய்தும் தோற்றால்? பெரும்பாலானோர் உடனே யூடியூபைத் திறப்பார்கள். அதற்கு முன் நம்ம சென்னைப் பையன் குகேஷின் கதையைக் கேளுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கம்ப்யூட்டர் செஸ் இன்ஜின் பக்கமே அவரைப் போகவிடவில்லை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறியது என்பதை குகேஷே பலகையில் தேடவேண்டும். 2019-ல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன். கேமிலும் இதைச் செய்து பார்க்கலாம். தோற்றதும் பழைய 'சேவ்' ஒன்றைத் திறந்து, எந்த டர்னில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று தேடுங்கள். தலைநகர் விழுந்த டர்னில் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் 40, 50 டர்ன்களுக்கு முன்னால், 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்று தட்டிவிட்ட ஏதோ ஒன்றில்தான் இருக்கும். அதே வரைபடத்தில் முதல் 50 டர்னை மட்டும் மறுபடி ஆடிப் பாருங்கள். பிரின்ஸிலிருந்து நேராக டெய்ட்டிக்குத் தாவுவதைவிட, ஒவ்வொரு லெவலிலும் இரண்டு மூன்று முறை ஜெயித்துவிட்டு ஏறுவது நல்லது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். பழவேற்காட்டிலும் களம் எல்லோருக்கும் சமமாக இல்லை. பாடு உரிமை பாரம்பரியமாகச் சில ஊர்களுக்கு மட்டுமே உண்டு. அதே ஏரியை நம்பி வாழும் மற்றவர்களுக்கு அந்த நல்ல இடங்கள் கிடையாது. இதனால் ஏற்பட்ட தகராறுகளும் உண்டு. இன்னொரு பக்கம் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. அப்போது முறை வந்தாலும் வலையில் ஒன்றும் விழாது. கேமில் களம் சரியில்லை என்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்கலாம். அங்கே மணலைத் தோண்டித்தான் ஆகவேண்டும்.

தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு குட்டிச் செய்தி. 2025 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பாகத்தில் சோழர்களாகவே ஆடலாம். 'கலம்' என்று அவர்களுக்கெனத் தனிக் கப்பலும் தந்திருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் ஒரு தகவல். 'இதோ முடிச்சிடுறேன்மா, நடுவுல நிறுத்த முடியாது' என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடும் டர்ன் பேஸ்டு கேமை எந்த நொடியிலும் நிறுத்தலாம். சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து திறந்தாலும் எதிராளி அதே இடத்தில் காத்திருப்பான். பழவேற்காட்டில்தான் அந்த வசதி கிடையாது. நீர் வடியும் சில மணி நேரத்துக்குள் வலை இறங்கியிருக்க வேண்டும்.