ஜெர்மனியிலும் பழைய சோறா?



என் டிபன் பாக்ஸில் பழைய சோறு இருந்தா சிலர் மூக்கைப் பிடிக்கிறீங்க. ஜெர்மனிக்காரங்க வீட்டுச் சாப்பாட்டிலும் புளிப்பு உண்டு, தெரியுமா? அதன் பேரு சவர்கிராட். அதாவது, புளிச்ச முட்டைகோஸ்!

கோஸை மெல்லிசா சீவி, உப்பு போட்டுப் பிசைவாங்க. தண்ணி விட்டதும் ஜாடியில் அமுக்கி, காத்து படாம சில வாரம் வைப்பாங்க. லாக்டிக் அமில பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். கெட்டுப் போகாது. பச்சைக் காய்கறி கிடைக்காத பனிக்காலத்தில் அதுதான் கை கொடுத்தது. ஸ்கர்வி நோய் வராம இருக்க, 1768-இல் கேப்டன் குக் அதைக் கப்பலில் கொண்டு போனார்.

நம்ம இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் வேலை செய்வது அதே வகை பாக்டீரியாதான். நம்ம ஆவடி வெக்கைக்கு ஒரே ராத்திரி போதும்!

புளிச்சதெல்லாம் கெட்டதில்ல. நாளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. சின்ன வெங்காயம் நான் கொண்டு வர்றேன்!